பாதி வீடு, பாதி கூடாரம்: 45 இலட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. நானும் மனைவியும் வேலை செய்கிறோம். இருவருக்குமாகக் கைக்கு வருவது மாதம் 3 இலட்சத்து 20 ஆயிரம். வெள்ளவத்தையில் வாடகை வீடு, நாலாம் மாடி. செலவு மாதம் 2 இலட்சத்து 40 ஆயிரம் அளவில் போகிறது. பிள்ளைகளுக்கு 11 வயது, 7 வயது. கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் அக்கா குடும்பம் கோடை வந்தால் படுத்துத் தங்கும் ஹைபிரிட் ட்ரெய்லரை வாகனத்தில் பூட்டி இழுத்துக்கொண்டு அல்கொன்குவின் பூங்காவுக்குப் போய்விடுவார்கள். அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து எங்கள் பிள்ளைகள் கேட்டபடி இருக்கிறார்கள். இப்போது ஜா-எலயில் ஒருவர் அதே மாதிரி அமெரிக்கத் தயாரிப்பு ட்ரெய்லர் ஒன்றை 45 இலட்சத்துக்கு விற்கிறார். அடுத்த மாதம் எங்கள் நிலையான வைப்பு 30 இலட்சம் முதிர்கிறது. மீதி 15 இலட்சத்துக்கு லீசிங் போடலாமா? நாங்கள் போகாத நாட்களில் வாடகைக்கு விட்டால் தவணைக் காசு அதிலேயே வந்துவிடும் என்கிறார் விற்பவர். எங்களிடம் இருப்பது வேகன் ஆர் கார்.

பதில்: தம்பி, கடைசி வரியை நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

கொழும்பில் ஹைபிரிட் என்றால் பெற்றோலும் பற்றரியும் சேர்ந்த கார்தான் எல்லோருக்கும் நினைவு வரும். இந்த ட்ரெய்லரில் அந்தச் சமாசாரம் ஒன்றும் இல்லை. நடுப்பகுதி வழக்கமான சுவர் வைத்த பெட்டி. சமையல் மேடை, சின்னக் கழிப்பறை எல்லாம் அதற்குள் இருக்கும். முன்னும் பின்னும் இருக்கும் கதவுகளை வெளிப்பக்கமாகச் சாய்த்தால் அவை கட்டில்களாகி, மேலே கன்வஸ் கூடாரம் விரியும். முழு ட்ரெய்லரை விடப் பாரம் குறைவு, ஆனால் படுக்க இடம் தாராளம். அதனால்தான் அங்கே பிள்ளை குட்டிக்காரருக்கு அதில் ஆசை.

பாரம் குறைவு என்றாலும் வெறும் ட்ரெய்லரே ஒன்றரைத் தொன்னுக்கு மேல் வரும். உங்கள் வேகன் ஆர் 800 கிலோ அளவு. ஆட்டுக்குட்டியிடம் மாட்டு வண்டியைப் பூட்டின கதை. கடுகண்ணாவை ஏற்றத்தையும் றம்பொடை வளைவுகளையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். டபள் கப் பிக்கப் ஒன்றோ பெரிய ஜீப் ஒன்றோ இல்லாமல் இது நகராது. அந்த விலை உங்கள் 45 இலட்சத்துக்குள் இல்லை.

சரி, இங்கே இருக்கும் சொந்தக்காரர் ஒருவரின் ஜீப் கிடைக்கும் என்றே வைத்துக்கொள்வோம். கணக்கைப் பார்ப்போம்.

30 இலட்சத்துக்கு 8 வீத வட்டி என்று பிடித்தால் வருடம் 2 இலட்சத்து 40 ஆயிரம். வங்கி பிடித்துக்கொள்ளும் 10 வீத நிறுத்திவைத்தல் வரி போக 2 இலட்சத்து 16 ஆயிரம். அதை இழக்கிறீர்கள். 15 இலட்சத்தை 14 வீதத்தில் 3 வருட லீசிங்காக எடுத்தால் மாதத் தவணை 51 ஆயிரம் அளவில் வரும். அதில் வட்டி மட்டும் வருடத்துக்குச் சராசரி 1 இலட்சத்து 15 ஆயிரம். நிறுத்த இடவாடகை மாதம் 10 ஆயிரம் என்றால் வருடம் 1 இலட்சத்து 20 ஆயிரம். டயர், காப்புறுதி, திருத்த வேலைக்கு 80 ஆயிரம். விலை இறக்கம் வருடம் 3 இலட்சம் என்று நான் குறைத்தே போடுகிறேன். கூட்டினால் 8 இலட்சத்து 31 ஆயிரம்.

பாடசாலை விடுமுறையும் போயாவோடு சேரும் இரண்டொரு வார இறுதியும் எடுத்தால் வருடத்தில் 14 இரவுகள் போவீர்களா? அப்படியானால் ஒரு இரவுக்கு 59 ஆயிரம் ரூபா. டீசல் இதில் இல்லை. மாதம் மிஞ்சும் 80 ஆயிரத்தில் 51 ஆயிரம் தவணைக்கே போனால், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த மாதம் என்ன செய்வீர்கள்?

இனிக் காசில் எழுதாத செலவு ஒன்று. கன்வஸ் நனைந்தபடி மடிக்கப்பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பெலிஹுல்ஓயாவில் மழையோடு மடித்துக் கொண்டுவந்த சாதாரணக் கூடாரத்தை இரண்டு கிழமை கழித்து அவிழ்த்தேன். மிளகைக் கொட்டினது மாதிரி கறுப்புப் புள்ளிகள், ஈரச் சாக்கு மணம். மனைவி அதை வீட்டுக்குள் எடுக்க விடவில்லை. இந்த ட்ரெய்லர் என்றால் வீடு வந்ததும் இரண்டு பக்கக் கட்டிலையும் விரித்துவைத்து அதைக் காயவைக்க வேண்டும். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் உங்கள் ஒழுங்கையில் ஒரு முச்சக்கரவண்டி எதிரே வந்தாலே கார் பின்னுக்குப் போக வேண்டும். அங்கே எதை விரிப்பது? கடல் உப்புக்காற்றில் அடிச்சட்டம் துருப்பிடிப்பது வேறு.

அமெரிக்கத் தயாரிப்பு என்பதையும் கவனியுங்கள். அங்கே வண்டி வலப்பக்கம் ஓடுவதால் ட்ரெய்லரின் வாசலும் வலப்பக்கம்தான். இங்கே வீதியோரம் நிறுத்தினால் பிள்ளைகள் இறங்குவது பஸ் வரும் பக்கம். மின்சாரமும் 120 வோல்ட். நமது 230 வோல்ட்டில் நேரே செருக முடியாது. அக்காவின் முகாம் திடலில் மின் இணைப்பு எடுக்கலாம், கழிவுத் தொட்டியைக் காலி செய்யவும் இடம் இருக்கும். வில்பத்துவிலோ யாலவிலோ நீங்கள் முன்பதிவு செய்து போகும் முகாம் இடம் கூடாரத்துக்கானது. அந்தக் கழிவுத் தொட்டியை எங்கே திறப்பீர்கள்?

வாடகை வருமானம் என்ற பேச்சை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. இழுக்க வாகனம் இல்லாதவருக்கு நீங்களே கொண்டுபோய் விட்டு, திரும்ப எடுத்து, கழுவிக் காயவைக்க வேண்டும். தனிப் பாவனைக் காப்புறுதி வாடகைக்கு விட்டால் செல்லுமா என்ற கேள்வியும் உண்டு. அது ஒரு தொழில், தம்பி. அவ்வளவு நல்ல வருமானம் என்றால் அந்த மனிதர் ஏன் விற்கிறார்?

ஆகவே, வாங்க வேண்டாம். 30 இலட்சத்தையும் ஒரே இடத்தில் மறுபடி போடவும் வேண்டாம். வங்கி முறிந்தால் காசைத் திருப்பித் தரும் வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான். அதனால் மூன்றாகப் பிரித்து, உங்கள் பெயரிலும் மனைவி பெயரிலும் 3 மாதம், 6 மாதம், 12 மாதம் என்று முதிரும்படி வையுங்கள். ஆறு மாதச் செலவான 14 இலட்சத்து 40 ஆயிரத்தில் கை வைக்கவே கூடாது. வரும் வட்டியில் பயணத்துக்கென்று மாதம் 10 ஆயிரத்தைத் தனிக் கணக்கில் விடுங்கள்.

ஒன்றரை இலட்சத்துக்குள் நால்வருக்கான கூடாரம், மெத்தைகள், சின்ன காஸ் அடுப்பு, நல்ல விளக்கு எல்லாம் வாங்கலாம். வேகன் ஆரின் பின்சீற்றில் பிள்ளைகளுக்கு நடுவிலும் காலடியிலும் அடங்கிவிடும். ஹோட்டன் சமவெளிக்கு என்றால் போர்வை கூட எடுங்கள், அந்தக் குளிர் வெள்ளவத்தைக்காரருக்குப் பழக்கமில்லாதது. தென்மேற்கு மழைக் காலத்தில் கிழக்குப் பக்கம், அறுகம்பேக்குப் போகலாம்.

அந்தச் சொந்தக்காரரே ஜீப்போடு வந்து, வீட்டு வளவிலேயே நிறுத்த இடமும் தந்து, விலையில் பாதியைப் போட்டால் மறுபடி எழுதுங்கள், அப்போது பார்ப்போம். அதற்கும் முன்பணம் கொடுக்கும் முன் பதிவுப் புத்தகத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் சரிபார்க்க வேண்டும்.

கூடாரம் வாங்குவதற்கு முதல், அதைக் காயவைக்க உங்கள் கட்டடத்து மொட்டைமாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு வையுங்கள்.