ஒன்பதாம் வகுப்பிலேயே விடுதிப் பள்ளியா? மன்னார்குடிப் பக்கத்துத் தந்தை ஒருவருக்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

தங்கள் மகள் கிராமத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ்வழியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள் என்றும், ஐஐடியில் சேர வேண்டும் என்பது அவளுடைய ஆசை என்றும், அதற்காக வரும் கோடையிலேயே வெளிமாவட்டத்து விடுதிப் பள்ளி ஒன்றில் சேர்க்க, சம்பா நெல் விற்ற பணம் போதாமல் ஒன்றரை ஏக்கரை ஒத்திக்கு வைக்க எண்ணியிருக்கிறீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். நிலத்தை ஒத்தி வைக்க வேண்டாம். பள்ளியையும் இப்போது மாற்ற வேண்டாம். காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. மருத்துவப் படிப்புக்கு 2020-இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021-இலும் இது நடைமுறைக்கு வந்தது. இதில் பொறியியல் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இடையில் தனியார் பள்ளிக்குப் போனால் இந்த உரிமை அன்றோடு போய்விடும். பிறகு திரும்பி வந்தாலும் ஒட்டாது. மத்திய அரசின் பொறியியல் நிறுவனங்களான ஐஐடியிலும் என்ஐடியிலும் இந்த ஒதுக்கீடு கிடையாது என்பது உண்மையே. ஆனால் ஐஐடி கிடைக்காமல் போகும் வாய்ப்பு எந்தப் பிள்ளைக்கும் இருக்கிறது. அந்த நாளில் அண்ணா பல்கலைக்கழக வளாகக் கல்லூரி ஒன்றில் செலவின்றிச் சேரும் வழியை, மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பணம் கொடுத்து நாமே அடைத்துவிடக் கூடாது.

அப்படியானால் ஒன்பதாம் வகுப்பில் செய்ய ஒன்றுமே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. நுழைவுத் தேர்வுக்கான முன்பயிற்சியாக ‘ஃபவுண்டேஷன் கோர்ஸ்’ என்று விற்கப்படுவது மட்டும்தான் அதில் இல்லை. என்னிடம் வரும் பிள்ளைகளிடம் நான் வழக்கமாக ஒரு கணக்குக் கேட்பதுண்டு. ஒரு மோட்டார் தனியாக ஓடினால் வயல் 3 மணி நேரத்தில் நிரம்பும், இன்னொரு மோட்டார் தனியாக ஓடினால் 6 மணி நேரம் ஆகும், இரண்டையும் ஒன்றாகப் போட்டால் எவ்வளவு நேரம்? பதினொன்றாம் வகுப்புச் சூத்திரங்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளைகள்கூட நாலரை மணி என்று சொல்லிவிடுகிறார்கள். இரண்டு மோட்டார் ஓடும்போது ஒரு மோட்டார் ஓடுவதைவிட அதிக நேரம் எப்படி ஆகும் என்று தாங்களே சிரிப்பீர்கள். விடை 2 மணி. முதல் மோட்டார் ஒரு மணி நேரத்தில் வயலில் மூன்றில் ஒரு பங்கையும் மற்றது ஆறில் ஒரு பங்கையும் நிரப்பும், ஆகவே சேர்ந்து பாதி நிரம்பும் என்று தானாக யோசித்துச் சொல்லும் பிள்ளைக்கு நுழைவுத் தேர்வைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணிதத்தையும் அறிவியலையும், ஒரு கணக்குக்கூட விடாமல், ஏன் என்று கேட்டுக் கேட்டுப் படிப்பதுதான் இந்த வயதில் நான் அறிந்த ஒரே அடித்தளம்.

மொழி இன்னொரு பெரிய விஷயம். பெற்றோர் பெரும்பாலும் கவனிக்காததும் இதுவே. என்ஐடிகளில் சேரவும், ஐஐடிக்கான அடுத்த தேர்வுக்குத் தகுதி பெறவும் எழுத வேண்டிய ஜேஇஇ மெயின் நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் ஐஐடிக்கு உரிய ஜேஇஇ அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது. இந்தச் செய்தி பன்னிரண்டாம் வகுப்பில் தெரியவந்தால் அதிர்ச்சி. இன்றே தெரிந்தால் அதற்கு மூன்று ஆண்டு அவகாசம். தமிழ்ப் பாடநூலின் பக்கத்திலேயே அதே பாடத்தின் ஆங்கிலவழி நூலையும் வைத்துக்கொண்டு, நாளுக்கு இரண்டு பக்கம் படித்து, கலைச்சொற்களைத் தனி நோட்டில் எழுதி வரட்டும். இரண்டு வழி நூல்களையும் அரசு இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் விழும் மழை விடுமுறைகளே இதற்குப் போதும்.

பதினொன்றாம் வகுப்பில் கணிதம் உள்ள பிரிவையே எடுக்க வேண்டும். சேர்வதற்கு முன், அந்தப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை முழுமையாக நடத்துகிறார்களா, அல்லது பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்துக்குத் தாவிவிடுகிறார்களா என்று கூச்சப்படாமல் விசாரியுங்கள். நுழைவுத் தேர்வு இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் கேட்கிறது. பொதுத்தேர்வையும் ஒதுக்கிவிட முடியாது. ஐஐடி, என்ஐடி சேர்க்கைக்குப் பொதுப் பிரிவினருக்கும் ஓபிசி எனும் இதர பிற்படுத்தப்பட்ட பிரிவினருக்கும் பன்னிரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடு மதிப்பெண் வேண்டும், இல்லையென்றால் வாரியத்தின் முதல் 20 விழுக்காட்டினருள் இருக்க வேண்டும். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-இல் உதவித்தொகையோடு சேர்ந்த இராமானுசன், கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் அந்த உதவித்தொகையை இழந்தது நம் ஊர்ப்பக்கம் நடந்ததுதான். ஜேஇஇ மெயினின் முதல் கட்டம் சனவரியில் வரும். அறுவடையும் பொங்கலுமாக வீடு அமளிப்படும் நேரம். அந்த ஒரு தை மாதம் மட்டும் மகளைக் களத்துப் பக்கம் கூப்பிடாமல் இருந்துவிடுங்கள்.

பணத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஐஐடியில் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் என்பதைக் கண்டு மலைக்க வேண்டாம். குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குக் குறைவானால் அந்தக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. 1 முதல் 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. பெண்களுக்கென 2018 முதல் கூடுதல் இடங்களும் உள்ளன.

ஐஐடி ஒன்றையே குறியாக வைத்துப் பிள்ளையை வாட்டவும் வேண்டாம். திருச்சி என்ஐடியில் பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கே உரியவை. தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் அதே ஜேஇஇ மெயின் மதிப்பெண்ணைக் கொண்டுதான் பி.டெக். சேர்க்கிறது, நெல் விளைவிக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அது எந்த வகையிலும் இரண்டாந்தரப் படிப்பு அன்று. அறிவியலையே தொடர விரும்பினால், தங்கள் மாவட்டத்திலேயே நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்குக் கியூட் என்னும் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

கடைசியாகச் சான்றிதழ்கள். ஒரு மாணவனின் மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் இனிஷியல், ஆதாரில் பெயருக்குப் பின்னால் தந்தையின் முழுப் பெயர். படிக்க வேண்டிய நாட்களில் அவன் இ-சேவை மையத்துக்கு நடையாய் நடந்ததைப் பார்த்திருக்கிறேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போகுமுன் ஆதார், பள்ளிப் பதிவேடு இரண்டிலும் பெயரும் பிறந்த தேதியும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கும்படி செய்துவிடுங்கள். மாநில அரசின் சாதிச் சான்று மட்டும் மத்திய நிறுவனங்களுக்குப் போதாது. ஓபிசி பிரிவில் வருவோர் கிரீமிலேயர் (வசதி மிக்க பிரிவு) அல்லாதோர் சான்றை மத்திய அரசுப் படிவத்தில், சேரும் ஆண்டின் ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ பெற வேண்டும்.

ஊரகப் பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கென உள்ள திறனாய்வுத் தேர்வுக்கு விண்ணப்பம் எப்போது என்று தலைமையாசிரியரிடம் இந்த வாரமே கேளுங்கள். உதவித்தொகை சிறியதுதான், ஆனால் மகள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுதும் முதல் போட்டித் தேர்வாக அது இருக்கும். எழுதி முடித்த வினாத்தாளோடு ஒரு சனிக்கிழமை அவளைத் தஞ்சாவூருக்கு அழைத்து வாருங்கள். எந்தக் கணக்கில் எங்கே தடுக்கியது என்பதை அவளையே சொல்லச் சொல்லி, அடுத்த ஆறு மாதத்துக்கான படிப்பை மூவருமாக அமர்ந்து முடிவு செய்வோம்.