வாய் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம்: ஆல்பம் பாட்டு எடிட்டிங் கேள்வி-பதில்

அண்ணாச்சி, போன்ல எடுத்த பாட்டு. பல்லவியில வாய் ஒட்டுது, கடைசி சரணத்துல விலகிப் போவுது. ஏன்? (பாளையங்கோட்டை)

போகப் போக விலகினால் பிரேம் வேகத்தில்தான், அதாவது விநாடிக்கு எத்தனை படம் (பிரேம்) என்ற கணக்கில்தான், கோளாறு. வெளிச்சம் குறையும்போது போன் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எடிட்டிங் மென்பொருளோ எல்லாம் ஒரே சீர் என்று நம்பி அடுக்கும். டைம்லைனில் போடும் முன் ஹேண்ட்பிரேக் என்னும் வீடியோ மாற்றும் மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் பிரேம்ரேட்' (மாறாத வேகம்) தேர்ந்தெடுத்து, எடுத்த வேகத்துக்கே, 30 என்றால் 30-க்கே, மாற்றிக்கொள்ளுங்கள். கேமராவில் எடுப்பவர்களுக்கு வேறு வம்பு: 23.976-இல் எடுத்ததை 24 என்று ஓடவிட்டால் 4 நிமிடப் பாட்டின் முடிவில் கால் விநாடி, ஏறக்குறைய 6 பிரேம், முந்திவிடும்.

ஆத்துக்கு அந்தக் கரையில பாடுறவர், இந்தக் கரையில கேமரா. முதல்ல இருந்தே வாய் கொஞ்சம் பிந்துது. (விக்கிரமசிங்கபுரம்)

வாயசைக்கப் பாட்டை ஒலிக்கவிடும் ஸ்பீக்கரைக் கேமரா பக்கம் வைத்திருப்பீர்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 35 மீட்டர் தள்ளி நிற்பவர் காதில் பாட்டு 0.1 விநாடி தாமதமாக விழும்; 25 பிரேம் கணக்கில் அது இரண்டரை பிரேம். படத்தை 2 அல்லது 3 பிரேம் முன்னால் இழுத்தால் ஒட்டிவிடும். அடுத்த முறை ஸ்பீக்கரை அவர் காலடியில் வையுங்கள். ஆனால் அப்போது கேமரா மைக்குக்குப் பாட்டு தாமதமாக வரும். அந்த ஒலியை வைத்து ஒட்டினால் வாய் முந்தும். அவர் பக்கத்திலேயே ஒரு போனில் ஒலியைப் பதிந்து, தொடக்கத்தில் கேமரா பார்க்க ஒரு கைதட்டல். கை சேரும் பிரேமையும் 'டப்' சத்தத்தையும் பொருத்தினால் முடிந்தது.

ஸ்லோ மோஷன்ல வாயும் இழுக்குதே? (அம்பாசமுத்திரம்)

50 பிரேமில் எடுத்து 25-இல் ஓட்டுவதென்றால், படப்பிடிப்பில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு அதற்கு வாயசைக்க வேண்டும். முதல்நாளே மனப்பாடம் செய்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

நையாண்டி மேளம் ஷாட்டுல ஆள் எதிர்ப்பக்கம் பாக்காரு. 'ஃபிளிப்' பண்ணி, படத்தை இடவலமாத் திருப்பிட்டோம். யாரு கண்டுபிடிக்கப் போறா? (பணகுடி)

கோயில் கொடை பார்த்து வளர்ந்த ஊரில் எல்லாரும் கண்டுபிடிப்பார்கள். தவிலில் பொதுவாக வலக்கை விரல்களில் கூடு, இடக்கையில் குச்சி. திருப்பினால் குச்சி வலக்கைக்குப் போய்விடும். முந்தானை வலது தோளுக்கு ஏறும், பஸ் நம்பரில் 'டிஎன் 72' இடவலம் மாறிய எழுத்தாகும், பின்னணிக் காற்றாலை முந்தின ஷாட்டுக்கு எதிராகச் சுற்றும். எதிரெதிரே நிற்கும் இரண்டு பேரையும் இணைத்துக் கற்பனையாக ஒரு கோடு போட்டு, கேமராவை அதன் ஒரே பக்கம் வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. எடுத்தது எடுத்ததாகிவிட்டால், நடுவே சலங்கைக் கால் குளோசப்போ, நேர் எதிரில் நின்று எடுத்த ஷாட்டோ ஒன்றைச் செருகுங்கள். திசை மாறியது உறுத்தாது.

குத்தாலத்துல எடுத்தது: தலைமுடி ஒரு ஷாட்ல ஈரம், அடுத்ததுல காய்ஞ்சிருக்கு. (தென்காசி)

எடிட்டிங்கில் இதற்கு மருந்து கிடையாது. காய்ந்த தலை ஷாட்டெல்லாம் முதலில், அருவி கடைசியில். இடைவேளை விடும்போதெல்லாம் முன், பின், இரு பக்கம் என நாலு போட்டோ. கைக்கடிகாரம், வேட்டிக் கரை, விபூதி மூன்றையும் தனியாக ஒரு முறை பாருங்கள். பூவில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள்: மொட்டாக வைத்த பிச்சி சாயங்காலம் விரிந்துவிடும். ஒரே காட்சி இரண்டு வேளை நீண்டால் ஈரத்துணியில் சுற்றி, ஐஸ் பெட்டியில் இன்னொரு சரம் வைத்திருங்கள். சாரல் காலத்தில் அருவித் தண்ணீர் கூடிக் குறையும் என்பதால் அகலமான ஷாட்களை ஒரே மூச்சில் எடுத்துவிடுவது நல்லது.

கோயில் சீரியல் செட் வெளிச்சத்துல படம் முழுக்கக் கோடு ஓடுது. (திருநெல்வேலி டவுண்)

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு விநாடிக்கு 100 முறை மின்னும். 25 பிரேம், ஷட்டர் (ஒவ்வொரு பிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/50 விநாடி வையுங்கள். வெளிச்சம் அதிகமென்றால் 1/100. மலிவான எல்.இ.டி. சரங்கள் இதற்கும் அடங்காது. பத்து விநாடி எடுத்து, பெரிய திரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள்.