ஒன்றரை மடங்கு வேகத்தில் ஒரு வருடம்

அன்புள்ள சார்,

வணக்கம். நான் தீவிர சினிமா ரசிகன். 2024ல் நூறு படங்களுக்கு மேல் பார்த்திருக்கிறேன். பாதி தியேட்டரில், மீதி ஓடிடியில். படம் முடிந்ததும் பெயரையும் நட்சத்திரங்களையும் கைப்பேசியில் குறித்துவைப்பது என் வழக்கம். டிசம்பர் கடைசியில் நண்பர்களுக்காக 'இந்த ஆண்டின் சிறந்த பத்து' எழுத உட்கார்ந்தேன். குறிப்பைப் புரட்டினால் பல படங்களின் கதையே நினைவில் இல்லை. நான்கு நட்சத்திரம் கொடுத்த ஒரு படத்தின் பெயரைப் பார்த்தும் எதுவும் தோன்றவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓடிடியில் பெரும்பாலும் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் பார்க்கிறேன். இல்லாவிட்டால் இவ்வளவு படங்களைப் பார்த்து முடிக்க முடியாது. 'மெய்யழகன்' படத்தையும் அப்படித்தான் பார்த்தேன். எல்லோரும் அழுதேன் என்கிறார்கள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

நீங்கள் ஒரு வருடத்துப் படங்களை எப்படித் திரும்பிப் பார்ப்பீர்கள்? பட்டியல் போடுவதில் அர்த்தம் இருக்கிறதா? அந்த வருடம் வெளியான படங்களை மட்டும்தான் அதில் சேர்க்க வேண்டுமா?

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பதில் போகிறபோக்கில் நீங்கள் சொன்ன அந்த வேகத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நெட்ஃபிளிக்ஸ் 2019ல் இந்த வசதியைச் சோதித்துப் பார்த்தபோது ஜட் அபடோ, பிராட் பேர்ட் போன்ற இயக்குநர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அடுத்த வருடமே அது நடைமுறைக்கு வந்துவிட்டது. அவர்களின் கோபம் நியாயமானது. ஒரு காட்சி எத்தனை நொடி நீடிக்க வேண்டும், ஒருவர் கேட்டதற்கும் மற்றவர் பதில் சொல்வதற்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை எடிட்டிங் மேசையில் வாரக்கணக்கில் உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள். படத்தின் உணர்ச்சி பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. வேகத்தைக் கூட்டினால் வசனம் காதில் விழும், கதை புரியும். இடைவெளி மட்டும் போய்விடும். உங்களுக்கு நினைவில்லாமல் போனவை அப்படிக் கதையாக மட்டும் உள்ளே வந்த படங்கள் என்பது என் ஊகம். ஏறக்குறைய ஒரே மாதிரியான நூறு கதைகளை எந்த மூளையும் தனித்தனியாகப் பிரித்து வைத்துக்கொள்ளாது.

'மெய்யழகன்' விஷயத்துக்கு வருகிறேன். வெளியான சில நாட்களிலேயே அதில் சுமார் 18 நிமிடங்கள் வெட்டப்பட்டன. நீளம் என்ற புகார் எழுந்ததும் எடுத்த முடிவு அது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஓர் இரவு முழுக்க இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பதுதான் படம். அரவிந்த்சாமி நடித்த அருள்மொழிக்கு, தன்மேல் இவ்வளவு பாசம் காட்டுகிற எதிரில் இருப்பவரின் பெயர்கூடத் தெரியாது. கேட்கவும் கூச்சம். சீக்கிரம் பஸ் ஏறிப் போய்விட வேண்டும் என்றுதான் அவர் வந்திருக்கிறார். அவருடைய அவசரம் மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதை நாமும் அவரோடு உட்கார்ந்து அனுபவித்தால்தான், அந்தப் பழைய சைக்கிளின் கதை வரும்போது நெஞ்சை அடைக்கும். ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கும்போது நீங்களும் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்திலேயே இருந்துவிடுகிறீர்கள். அழுகை வராததற்கு உங்கள் மனதைக் குறை சொல்லாதீர்கள். அந்த இரவு முழுதாக உங்களுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, நான் எப்படித் திரும்பிப் பார்க்கிறேன் என்று கேட்டீர்கள். நட்சத்திரம் போடுவதில்லை. படம் பார்த்த மறுநாள், மனதில் மிஞ்சியிருக்கிற ஒரு காட்சியையும் ஒரு சத்தத்தையும் மட்டும் எழுதிவைப்பேன். அன்றிரவே எழுதினால் கதைச்சுருக்கமாகப் போய்விடுகிறது. வருடக் கடைசியில் அந்தக் குறிப்புகளை வாசிக்கும்போது, எந்த வரியைப் படித்ததும் முழுப் படமும் திரும்பி வருகிறதோ அதுதான் அந்த வருடத்தின் படம். 2024ல் அப்படித் திரும்பி வந்தவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் 'கொட்டுக்காளி'. 'கூழாங்கல்' படத்துக்காக 2021ல் ராட்டர்டாம் விழாவின் டைகர் விருது பெற்ற பி.எஸ்.வினோத்ராஜின் இரண்டாவது படம். ஆகஸ்ட் 23 அன்று, 'வாழை' வெளியான அதே நாளில் வந்தது. பேய் பிடித்திருக்கிறதென்று ஒரு பெண்ணை உறவினர்கள் பூசாரியிடம் கூட்டிப்போகும் பயணம்தான் கதை. பின்னணி இசை என்று ஒரு துளி கிடையாது. ஆட்டோவின் இரைச்சல், சேவலின் கொக்கரிப்பு, தொண்டை கட்டிப்போன சூரியின் கரகரப்பு, இவைதான் படத்தின் இசை. அந்தப் பெண்ணாக வரும் அன்னா பென் ஏறக்குறைய பேசுவதே இல்லை. வழியில் ஒலிபெருக்கியில் கேட்கும் பாட்டை அவள் வாய்க்குள் முணுமுணுக்கிறாள், அது போதும், சூரி வெறிகொண்டு அடிக்கத் தொடங்குகிறார். அவளை மட்டுமல்ல, தடுக்க வந்தவர்களையும். இசையே இல்லாத படத்தில் ஒரு பெண்ணின் முணுமுணுப்பு எவ்வளவு பெரிய சத்தமாக இருக்கிறது! இன்னொரு காட்சியில் ஒரு காளை வழியை மறித்து நிற்கிறது. வண்டிகளில் வந்த ஆண்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்க, ஒரு சிறுமி வந்து அதைப் பேசாமல் ஓட்டிக்கொண்டு போகிறாள். எந்த வசனமும் அதை விளக்குவதில்லை. படம் மெதுவாக நகர்கிறது என்று நிறையப் பேர் அலுத்துக்கொண்டார்கள். அந்தப் பயணம் எங்கே போய் முடியப்போகிறது என்ற பயம் ஊறுவதற்கு அவ்வளவு நேரம் தேவைப்படுகிறது. 2024ல் தமிழில் வந்த மிக முக்கியமான படம் அது என்பது என் முடிவு. அதில் எனக்குத் தயக்கமே இல்லை.

அடுத்து பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்'. கான் விழாவின் பிரதானப் போட்டிப் பிரிவில் 30 வருடங்களாக ஓர் இந்தியப் படம் இல்லை, 1994ல் ஷாஜி என்.கருணின் 'ஸ்வம்' போனதுதான் கடைசி. இந்தப் படம் உள்ளே போய் கிராண்ட் ப்ரீ விருதும் வாங்கியது. செய்தி கேட்ட அன்று மகிழ்ந்தேன். ஆனால் என் குறிப்பில் விருது இல்லை, குக்கர்தான் இருக்கிறது. மும்பையில் நர்ஸாக வேலை பார்க்கும் பிரபாவின் கணவன் ஜெர்மனியில். பேச்சுவார்த்தையே நின்றுபோயிருக்கிறது. ஒருநாள் அனுப்பியவர் பெயர் இல்லாமல் ஒரு ரைஸ் குக்கர் வந்து சேர்கிறது, ஜெர்மனியில் செய்தது. இரவில் யாரும் பார்க்காதபோது பிரபா தரையில் குந்தி அதைக் கட்டிக்கொள்கிறாள். கனி குஸ்ருதி அந்தக் காட்சியில் அழவில்லை, முகத்தைக்கூடப் பெரிதாகக் காட்டவில்லை. பாயல் அதை அவசரப்படுத்தாமல் விட்டிருக்கிறார். கணவன்மேல் அவளுக்கு இருப்பது அன்பா, கோபமா, வெறும் பழக்கமா என்று நாம் யோசிக்க ஆரம்பிக்கும்வரை அவள் அப்படியே இருக்கிறாள்.

ஜோனத்தன் கிளேஸரின் 'தி ஸோன் ஆஃப் இன்ட்ரெஸ்ட்' 2023ஆம் ஆண்டுப் படம், ஆனால் நம் தியேட்டர்களுக்கு வந்தது 2024 பிப்ரவரியில். தொடக்கத்திலேயே நீண்ட நேரம் திரை கறுப்பாக இருக்கும், சத்தம் மட்டும் வரும். ப்ரொஜெக்டரில் கோளாறோ என்று அரங்கில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். காதைத் தீட்டிக்கொள்ள இயக்குநர் நமக்குக் கொடுக்கும் அவகாசம் அது. பிறகு ஆஷ்விட்ஸ் முகாமின் தளபதி ருடால்ஃப் ஹோஸின் வீடு. தோட்டம், குழந்தைகள், நீச்சல் குளம். மதிலுக்கு அந்தப் பக்கம் நடப்பது எதுவும் காட்டப்படுவதில்லை, கேட்கிறது. ஓயாத உறுமல், தூரத்து அலறல், துப்பாக்கிச் சத்தம். சிறந்த ஒலிக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது. சிறிது நேரம் போனதும் அந்தச் சத்தம் நமக்கும் பழகிவிடுகிறது. அது பழகிவிட்டதை நாமே உணரும் கணத்தில் உடம்பு சில்லிட்டுப்போகும். அப்படிப் பழகுவதற்குக் கடிகார நேரம் வேண்டும், சுருக்கிக் கொடுக்க வழியில்லை.

'மஞ்ஞும்மல் பாய்ஸ்' பற்றி எல்லோரும் நிறைய எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். குகையிலிருந்து நண்பனை மேலே கொண்டுவரும் இடத்தில் 'குணா' படத்துப் பாட்டு ஒலித்ததும் அரங்கமே எழுந்தது. 1991ல் காதலுக்காக இளையராஜா போட்ட மெட்டு, 33 வருடம் கழித்து, 2006ல் உண்மையாகவே நடந்த ஒரு விபத்தின் கதையில் நட்புக்காக ஒலிக்கிறது. என்னைச் சுற்றி இருந்தவர்களில் பலர் 'குணா' வந்தபோது பிறந்தே இருக்க மாட்டார்கள். அவர்களும் சேர்ந்து பாடினார்கள்.

இங்கே உங்கள் மூன்றாவது கேள்விக்கு வந்துவிட்டோம். அந்த வருடம் வெளியானவற்றை மட்டும்தான் சேர்க்க வேண்டுமா? விநியோகஸ்தர்களுக்கும் விருதுக் குழுவுக்கும் அந்த விதி தேவை. ரசிகருக்கு எதற்கு? என் 2024ல் மற்ற எதையும்விட அதிக இடம் பிடித்தது 1975ல் வந்த ஒரு படம். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஷந்தால் அகெர்மான் 25 வயதில் எடுத்த 'ஷான் தீல்மான்'. 'சைட் அண்ட் சவுண்ட்' இதழின் 2022 வாக்கெடுப்பில் உலகின் தலைசிறந்த படமாக முதலிடம் பெற்றது. ஒரு பெண் இயக்குநரின் படம் அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல்முறை. மொத்தம் 201 நிமிடங்கள். கணவனை இழந்த ஒரு தாய், மூன்று நாட்கள், ஒரு வீடு. சமைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், கட்டிலைச் சரிசெய்கிறாள். பிற்பகலில் பணம் வாங்கிக்கொண்டு ஆண்களைச் சந்திப்பதும் அதே ஒழுங்கோடு நடக்கிறது. கேமரா அசைவதே இல்லை.

முதல் நாளை அதன் முழு நீளத்தில் பார்த்துவிட்டதால், அவளுடைய ஒழுங்கு நமக்கு மனப்பாடமாகிவிடுகிறது. எந்த விளக்கை எப்போது அணைப்பாள், பணத்தைப் போடும் பீங்கான் பாத்திரத்தை எப்படி மூடுவாள் என்பதெல்லாம். இரண்டாம் நாள் அந்த மூடியைப் போட மறக்கிறாள். உருளைக்கிழங்கு குழைந்துவிடுகிறது. பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே கொட்டுவது என்று தெரியாமல் வீட்டுக்குள் அலைகிறாள். வேறெந்தப் படத்திலும் குழைந்த உருளைக்கிழங்கைப் பார்த்து நான் பயந்ததில்லை. இங்கே பயந்தேன். அவளாக நடித்த தெல்ஃபின் செரிக் முகத்தில் பெரிதாக எதுவும் மாறுவதில்லை, ஆனால் உள்ளே என்னவோ உடைந்துவிட்டது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. மூன்றாம் நாள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல மாட்டேன். வேகத்தைக் கூட்டி இந்தப் படத்தைப் பார்த்தால், ஒரு பெண் வீட்டுவேலை செய்கிறாள் என்பது மட்டும்தான் மிஞ்சும்.

ஒரு வருடத்தைத் திரும்பிப் பார்க்கும்போது விடைபெற்றவர்களையும் நினைக்கிறோம், அதுவும் பழைய படங்களை நோக்கித்தான் இழுத்துப் போகிறது. ஆகஸ்டில் அமெரிக்க நடிகை ஜீனா ரோலண்ட்ஸ் மறைந்தபோது, அவர் நடித்து சரியாக 50 வருடம் முன்பு வந்த 'எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளூயன்ஸ்' படத்தை மறுபடி பார்த்தேன். நவம்பரில் டெல்லி கணேஷ். 1977ல் பாலசந்தரின் 'பட்டினப்பிரவேசம்' படத்தில் அறிமுகமானவர். கதாநாயகர்களுக்குப் பக்கத்தில் நின்று, ஒரு பார்வையிலேயே காட்சியைத் தன் பக்கம் திருப்பியவர். அவருக்கு உரிய அளவில் நாம் எழுதவில்லை.

பட்டியல் போடுவதில் அர்த்தம் உண்டு எஸ்., நிச்சயமாகப் போடுங்கள். நானே பல நல்ல படங்களை யாரோ போட்ட பட்டியலிலிருந்துதான் கண்டுபிடித்தேன். வரிசை எண் மட்டும் வேண்டாம். 'கொட்டுக்காளி' மூன்றாவதா ஐந்தாவதா என்று யோசிக்கும் நேரத்தில் அந்தச் சிறுமியும் காளையும் வரும் காட்சியைப் பற்றி நான்கு வரி எழுதினால், உங்கள் நண்பர்களில் ஒருவராவது அந்தப் படத்தைத் தேடிப் போவார். பத்து என்ற கணக்கும் தேவையில்லை. மனதில் நிற்பது நான்குதான் என்றால் நான்கை எழுதுங்கள்.

ஒரு படத்தை உங்களுக்குப் பரிந்துரைக்க ஆசை. ஷியாம் பெனகலின் 'மந்தன்', 1976. குஜராத்தின் பால் உற்பத்தி செய்யும் விவசாயிகள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டுத் தயாரித்தது. ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் மீட்டெடுத்த புதிய பிரதி 2024 மே மாதம் கான் விழாவில் திரையிடப்பட்டது, ஜூனில் நம் தியேட்டர்களுக்கும் வந்தது. டிசம்பர் 23 அன்று பெனகல் காலமானார். தன் படம் புதிதாகத் துலங்கி மறுபடி திரைக்கு வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல். கூட்டுறவுச் சங்கம் அமைப்பதுதான் கதை என்று கேட்டால் பாடம் நடத்தும் படம்போலத் தோன்றும். ஸ்மிதா பாட்டில் வரும் முதல் காட்சியிலேயே அந்த எண்ணம் போய்விடும். கிரீஷ் கர்னாட் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, உடனே பதில் சொல்லாமல், அவரை அளந்து பார்ப்பார் பாருங்கள். அந்த மௌனத்தை அதன் முழு நீளத்துக்குப் பாருங்கள்.

பார்த்துவிட்டு மறுநாள் எழுதுங்கள். பிடிக்காவிட்டாலும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்.