ஃபுட்சால் சாம்பியன்ஸ் லீக்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

போன ஞாயிறு ராத்திரி டர்ஃபில் ஆடி முடித்து வெளியே டீ குடிக்கும்போது ஃபுட்சால் சாம்பியன்ஸ் லீக் பற்றிப் பேச்சு வந்தது. ஃபுட்சால் என்றால் அணிக்கு ஐந்து பேர் உள்ளரங்கில் ஆடும் கால்பந்து, அதில் ஐரோப்பிய கிளப்கள் மோதும் கோப்பை இது. கூட இருந்த பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நான் பல வருடமாக ராத்திரி கண்விழித்து இதைப் பார்க்கிறவன். அதனால் கேள்விகளை அனுப்பச் சொன்னேன், வந்தவற்றில் இருந்து சில.

வேளச்சேரி கீப்பர்: அண்ணா, நாங்கள் டர்ஃபில் ஆடுவதும் இதுவும் ஒன்றுதானே? அஞ்சு பேர், சின்ன கோல்.

இல்லை தம்பி. நம் டர்ஃபில் செயற்கைப் புல், சுற்றி வலை, பந்து வலையில் பட்டுத் திரும்பினாலும் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். ஃபுட்சாலில் கோட்டைத் தாண்டினால் வெளியேதான். நான்கு செகண்டுக்குள் காலால் உள்ளே போட வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. சர்வதேச ஆட்டங்களுக்குத் தரை பெரும்பாலும் மரப்பலகை, நீளம் 40 மீட்டர், அகலம் 20, கோல் 3-க்கு 2. பந்து நான்காம் நம்பர். 2 மீட்டர் உயரத்தில் இருந்து போட்டால் 65 சென்டிமீட்டருக்கு மேல் எழக் கூடாது. பந்து துள்ளாததால்தான் எல்லாரும் பாதத்தின் அடிப்பகுதியால் அமுக்கி நிறுத்துகிறார்கள். டர்ஃபில் அதை முயன்று பார், வழுக்கும்.

பெரம்பூர் லெஃப்ட் விங்: ஐரோப்பாவின் பெரிய கோப்பை என்கிறீர்கள், ரியல் மாட்ரிட், மான்செஸ்டர் யுனைடெட் யாரையும் காணோமே?

அவர்களுக்கு ஃபுட்சால் அணியே கிடையாது. எனக்கு இந்தப் போட்டி பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2001-02-ல் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏ-வின் ஃபுட்சால் கோப்பையாகத் தொடங்கியது, 2018-19-ல் சாம்பியன்ஸ் லீக் ஆனது. பெல்ஜியத்தின் சார்லெரோய், ரஷ்யாவின் சினாரா, இத்தாலியின் மாண்டெசில்வானோ எல்லாம் இதில் சாம்பியன்கள். பெரிய மைதானக் கால்பந்து மட்டும் பார்க்கிறவருக்கு இந்தப் பெயர்கள் ஏதோ ரயில்வே ஸ்டேஷன் பெயர் மாதிரி இருக்கும். ஐந்து முறை வென்ற இன்டர், மாட்ரிட் பக்கத்து அணி. மிலன் இன்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு ஸ்பெயின் வானொலிச் செய்தியாளர் 1970-களில் தொடங்கிய அணி, காசு கொடுத்த 'இன்டர்வியூ' பத்திரிகையின் பெயரில் பாதிதான் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கால்பந்தில் பேர் போன கிளப்களே இல்லை என்றும் சொல்ல முடியாது, பார்சிலோனா நான்கு முறை வென்றிருக்கிறது, போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் இரண்டு முறை, அதே நாட்டின் பென்ஃபிகா 2010-ல்.

ஓஎம்ஆர் நைட் ஷிஃப்ட்: பாதிக்கு 20 நிமிடம்தானா? அதற்குள் என்ன நடந்துவிடும்?

கடிகாரம் நிற்கும் சார். பந்து வெளியே போனால், ஃபவுல் ஊதினால், எல்லாவற்றுக்கும் நிற்கும். மேட்ச் முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். கீழே படுத்துப் புரண்டு நேரத்தைக் கடத்தும் வேலை இங்கே செல்லாது. ஃபவுல் கணக்குதான் உண்மையான சுவாரசியம். ஒரு பாதியில் ஒரு அணி ஐந்து ஃபவுல் வரை செய்யலாம், ஆறாவதில் இருந்து குறுக்கே ஆட்கள் சுவராக நிற்க முடியாது, 10 மீட்டர் புள்ளியில் இருந்து நேராக அடி, எதிரே கீப்பர் மட்டும். இன்னும் எட்டு நிமிடம் இருக்கும்போதே ஐந்து ஆகிவிட்டால் அந்த அணி ஆடுவதே மாறிவிடும், காலை நீட்டவே பயப்படுவார்கள், எதிரணி வேண்டுமென்றே உடம்பை உரசிக்கொண்டு உள்ளே வரும். ரெட் கார்டும் வேறு மாதிரி: ஆள் போனால் போனதுதான், ஆனால் இரண்டு நிமிடம் கழித்தோ, அதற்குள் எதிரணி கோல் போட்டுவிட்டாலோ, பதிலுக்கு இன்னொருவர் இறங்கலாம்.

மறுபடியும் வேளச்சேரி கீப்பர்: கீப்பர் நடு மைதானம் தாண்டி வந்து ஆடுகிறார், கோல் காலியாகக் கிடக்கிறது. பைத்தியமா?

உன் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கீப்பர் தன் பாதியில் நான்கு செகண்டுக்கு மேல் பந்தை வைத்திருக்கக் கூடாது. அவர் பந்தைக் கொடுத்துவிட்டால், எதிரணி ஆள் யாராவது தொடும் வரை தன் பாதியில் அதைத் திரும்ப வாங்கவும் கூடாது. ஆனால் எதிரணிப் பாதிக்குள் போய்விட்டால் இந்தத் தடை எதுவும் இல்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் வாங்கலாம். அப்போது நான்கு பேர் தடுக்கிற இடத்தில் ஐந்து பேர் தாக்குகிறார்கள். பொதுவாகத் தோற்றுக்கொண்டிருக்கும் அணி கடைசி சில நிமிடங்களில் செய்வது இது. கஜகஸ்தானின் கைராத் அல்மாட்டி இதையே முழு ஆட்டத்துக்குமான வழக்கமாக்கியது, பிரேசிலில் பிறந்த கீப்பர் ஹிகிதாவை வைத்து. 2013-லும் 2015-லும் கோப்பையையும் தூக்கியது. டர்ஃபில் நீ இதை முயற்சி செய்தால் உன் டிஃபெண்டர் உன்னைத் திட்டுவான், அதற்கு நான் பொறுப்பில்லை.

திருவான்மியூர்: ஒரே ஒரு ஃபைனல் பார்க்க வேண்டும் என்றால் எது?

2021, குரோஷியாவின் ஸாதர். பார்சிலோனா பாதி நேரத்தில் 2-0, கடைசியில் ஸ்போர்ட்டிங் 4-3. நான் இடைவேளையில் தூங்கப் போய்விட்டேன், அந்தக் கடுப்பு இன்னும் போகவில்லை. கதை வேண்டுமென்றால் ஸ்பெயினின் பால்மா அணி. 2023-ல் தங்கள் ஊரிலேயே பெனால்டியில் ஸ்போர்ட்டிங்கை வென்றபோது அவர்கள் ஸ்பெயின் லீகை ஒரு தடவைகூட வென்றதில்லை. அப்புறம் 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று. 2025 ஃபைனலில் கைராத்தை 9-4.

அம்பத்தூர்: ஆசியாவில் கிடையாதா? நம் ஆட்கள்?

2010 முதல் ஆசிய கிளப் சாம்பியன்ஷிப் நடந்தது. ஜப்பானின் நகோயா ஓஷன்ஸ் நான்கு முறை வென்றது, மற்ற முறை ஈரான் கிளப்களும் தாய்லாந்தின் சோன்புரியும். இந்தியாவில் தேசிய அளவில் ஃபுட்சால் கிளப் போட்டி 2021-ல்தான் தொடங்கியது, டெல்லி எஃப்சி வென்றது. நாம் எவ்வளவு பின்னால் இருக்கிறோம் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ராயபுரம்: 2016-ல் நேரு இன்டோரில் நடந்ததே, அது?

பிரீமியர் ஃபுட்சால். நகரங்களின் பெயரில் அணிகள், சென்னைக்கு பிரேசிலின் ஃபுட்சால் நட்சத்திரம் ஃபல்காவோ, மும்பைக்கு மான்செஸ்டர் யுனைடெட்டில் ஆடிய ரயன் கிக்ஸ். நான் போயிருந்தேன். கூட்டம் கிக்ஸைப் பார்க்க வந்தது, ஆனால் பத்து நிமிடத்தில் ஃபல்காவோ பக்கம் சாய்ந்துவிட்டது. புல்வெளியில் எத்தனை கோப்பை வாங்கியிருந்தாலும் பலகைத் தரை வேறு பள்ளிக்கூடம் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். கோப்பை மும்பைக்குப் போனது. ஆனால் ஓய்வு பெற்ற நட்சத்திரங்களைக் கூட்டி வந்து நடத்திய காட்சி அது, கிளப் போட்டி என்று அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

வியாசர்பாடி அக்கா ஒருவர்: பையனுக்கு 9 வயசு, கால்பந்து கோச்சிங் போகிறான். இதிலும் சேர்க்கலாமா தம்பி?

தாராளமாகச் சேருங்கள் அக்கா. சின்ன இடம், ஐந்தே பேர், ஒரு ஆட்டத்தில் பெரிய மைதானத்தைவிடப் பல மடங்கு பந்து காலுக்கு வரும். உங்கள் ஏரியா பசங்களுக்குத் தெருவிலேயே பாதிப் பாடம் முடிந்திருக்கும். ஷூ மட்டும் தனியாக வாங்குங்கள், அடி தட்டையாக, தரையில் கறை படியாத ரப்பரில். ஸ்டட் வைத்த ஷூவோடு இன்டோர் தரையில் ஏறினால் முதல் நாளே வாட்ச்மேன் வெளியே அனுப்பிவிடுவார்.