பிரிவின் பெயரா, பாடத்திட்டமா?

கேள்வி: ஏற்காட்டை அடுத்த நாகலூரில் எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் உள்ளது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்த என் மகள் பிளஸ் டூவில் தேறியிருக்கிறாள், கட்ஆப் 168. தோட்டத்தில் பழம் பறிப்பவர்களின் கிலோக் கணக்கையும் கூலியையும் செல்போனில் எக்செல் தாளாகப் போட்டு வைத்திருப்பவள் அவள்தான். மோட்டார் நின்றால் திறந்து பார்ப்பவளும் அவளே. ஏ.ஐ. – டேட்டா சயின்ஸ் தவிர வேறெதற்கும் எதிர்காலம் இல்லை என்றும், முன்பணம் கட்டித் தனியார் கல்லூரி ஒன்றில் இடம் பிடித்துவிடலாம் என்றும் உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு தந்தை, நாகலூர்

பதில்: ஐயா, மகள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர் என்பதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், தங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்ட வரி அதுதான். அத்தகைய மாணவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் 7.5 விழுக்காடு இடங்கள் 2021 முதல் ஒதுக்கப்படுகின்றன. அதில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்த்தால் இந்தச் சலுகை கிடைக்காது.

இனி, பிரிவு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில், கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவரும் ஏ.ஐ. மாணவரும் மூன்றாம் பருவத்தில் தனிநிலைக் கணிதம், கணினி அமைப்பு முதலியவற்றைப் பொதுவாகவே படித்தார்கள். பைத்தான் என்னும் நிரல்மொழியோ அதில் எல்லாப் பிரிவினருக்கும் முதல் பருவத்திலேயே வந்துவிட்டது. பெயர்ப் பலகை சொல்லும் அளவுக்கு இவ்விரண்டுக்கும் இடையே தூரம் இல்லை. எனவே, விண்ணப்பிக்க எண்ணும் கல்லூரிகளின் இணையதளத்தில் தற்போதைய பாடத்திட்டத்தை எடுத்து, மூன்றாம் ஆண்டுத் தாள்களின் பெயர்களை மட்டுமாவது மகளுடன் உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.

மோட்டாரையும் எக்செல்லையும் ஒருசேர விரும்பும் பெண்ணுக்கு இ.சி.இ. (மின்னணு – தொடர்பியல்), இ.இ.இ. (மின் – மின்னணுவியல்) ஆகியவற்றை நான் எளிதில் ஒதுக்கிவிட மாட்டேன். அவற்றில் சேர்ந்தால் மென்பொருள் கதவு அடைபட்டுவிடும் என்பது வீண் பயம். பொறியியல் மேற்படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளை எந்தப் பொறியியல் பிரிவினரும் எழுதலாம். சேலத்தை அடுத்த கருப்பூரில் 1966 முதல் இயங்கும் அரசு பொறியியல் கல்லூரியில் உலோகவியல்கூட இருக்கிறது. உருக்காலை உள்ள ஊரில் இருந்துகொண்டு நம் வீடுகளில் அந்தப் பெயரை யாரும் எடுப்பதில்லை என்பது என் நெடுநாளைய ஆதங்கம்.

மகளின் மனம் எதில் நிற்கிறது என்பதை அவரே கண்டறிய ஒரு வழி உண்டு. அந்தக் கூலிக் கணக்கையே பைத்தானில் ஒரு சிறு நிரலாக எழுதச் சொல்லுங்கள். மற்றொரு நாள் மல்டிமீட்டர் ஒன்றைக் கொடுத்து, பழைய மோட்டாரின் சுருளில் எங்கே தொடர்பு அறுந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் தடங்கல் வரும். தடங்கல் வந்த பிறகும் சோறு தண்ணீர் மறந்து எதனிடம் உட்கார்ந்திருக்கிறார் என்று கவனியுங்கள். மதிப்பெண் பட்டியல் சொல்லாததை அது சொல்லும்.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியலைத் தருகையில் பலர், கிடைக்கக்கூடியதை மேலேயும் விரும்பியதைக் கீழேயும் எழுதி ஏமாறுகிறார்கள். ஒதுக்கீடு மேலிருந்து கீழாகவே பார்க்கப்படுகிறது. எனவே கிடைக்காதென்று தோன்றினாலும் மிக விரும்புவதை முதலில் எழுதுவதால் நட்டம் ஏதுமில்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று கணக்கிடப்படும் கட்ஆப்பில் 168 என்பது சோர்ந்துபோக வேண்டிய மதிப்பெண் அன்று.

கலந்தாய்வு முடியும்வரை யாரிடமும் முன்பணம் கட்ட வேண்டாம். இடத்தைப் பிடித்து வைக்கிறோம் என்று யார் கேட்டாலும் மாற்றுச் சான்றிதழின் அசலை மட்டும் கையைவிட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.