பாதுகாப்புக் கப்பல்கள் சூழ்ந்து வரும்போது நீர்மூழ்கிக் கப்பல் எப்படி உள்ளே நுழைந்து தாக்கும்?

துரத்திப் பிடிப்பது நடக்காத காரியம். டீசல் நீர்மூழ்கி நீருக்கடியில் முழு வேகத்தில் ஓடினால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும், சத்தமும் காட்டிக்கொடுக்கும். ஆகவே எதிரி வரும் பாதையைக் கணித்து, முன்னதாகவே போய், ஓசையில்லாமல் காத்திருக்க வேண்டும். பாதி வெற்றி இதில்தான் என்பேன்.

உள்ளே நுழைவதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும். 1941 நவம்பர் 25 அன்று ஜெர்மனியின் யூ-331 நீர்மூழ்கி, டெஸ்ட்ராயர் என்னும் காவல் போர்க்கப்பல்களுக்கு இடையே புகுந்து, மிக அருகிலிருந்து பிரிட்டனின் பார்ஹாம் போர்க்கப்பலைத் தாக்கியது. சில நிமிடங்களில் அது மூழ்கியது. 800க்கும் மேற்பட்டோர் பலி.

வணிகக் கப்பல் அணிகள் மீது வேறு உத்தி: பல நீர்மூழ்கிகள் கூட்டமாக, இரவில், நீர்மட்டத்தின் மேலேயே வந்து பாய்ந்தன. ஒலியை வைத்து நீருக்கடியில் தேடும் அன்றைய சோனார் கருவிக்கு மேலே மிதப்பது சரியாகப் பிடிபடாது. 1940 அக்டோபரில் எஸ்சி 7 அணியின் 35 கப்பல்களில் 20 போயின. அப்புறம் ரேடாரும் விமானங்களும் வந்து அந்த ஆட்டத்தை முடித்தன.

ஒளிந்துகொள்ளக் கடலே உதவும். வெப்பநிலையும் உப்பும் சட்டென மாறும் நீரடுக்கில் சோனார் ஒலி வளைந்துவிடும். அதன் கீழே இருந்தால் கண்டுபிடிப்பது கடினம். ஆற்று நீர் வந்து கலக்கும் நம் வங்கக்கடலில் இந்தச் சிக்கல் அதிகம்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு கொசுறு: 1971இல் விக்ராந்த் விமானந்தாங்கி இங்கேதான் இருந்தது. அதைச் சத்தமில்லாமல் அந்தமானுக்கு அனுப்பிவிட்டு, ராஜ்புத் என்ற போர்க்கப்பலை விக்ராந்த் போலக் காட்டப் போலி வானொலிச் செய்திகள் பரப்பினார்கள். தேடிவந்த பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி விசாகப்பட்டினம் அருகே மூழ்கியது. காரணம் என்ன என்பதில் இரு நாடுகளும் இன்றும் ஒத்துப்போகவில்லை.