சொந்த சர்வரில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைப் போட்டால் போதாதா? பராமரிப்பைக் கிளவுட் நிறுவனமே பார்த்துக்கொள்ளும் மேனேஜ்டு டேட்டாபேஸ் எப்போது தேவை?

போட்டுக்கொள்ளலாம், நிறுவுவது சில நிமிட வேலைதான். ஆனால் டேட்டா போய்விட்டால் அதை மீட்டெடுக்க முடியுமா என்பதை வைத்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும்.

2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லேபில் ஒரு பொறியாளர், ரெப்ளிகா (நகல் டேட்டாபேஸ்) என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் கோப்புறையை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால் அங்கே ஒன்றுமே இல்லை. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவியான பிஜிடம்ப் 9.2; இரண்டும் பொருந்தவில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் பிழையோடு நின்றிருக்கிறது. பிழையைத் தெரிவிக்கும் மின்னஞ்சலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. சுமார் 6 மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக எடுத்திருந்த, அந்த நேரத்து நிலையின் முழு நகலான ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. இடைப்பட்ட டேட்டா போனது போனதுதான். அவர்களே இதையெல்லாம் வெளிப்படையாக எழுதினார்கள். டேட்டாபேஸைப் பராமரிக்கும் ஒவ்வொருவரும் அதைப் படிக்க வேண்டும்.

மேனேஜ்டு சேவைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு இந்த இடத்துக்குத்தான். 2009இல் வந்த மேனேஜ்டு சேவையான அமேசான் ஆர்டிஎஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். தானியங்கி பேக்கப்பை இயக்கியிருந்தால் தினம் ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை டிரான்ஸாக்‌ஷன் லாகை (டேட்டாவில் நடந்த மாற்றங்களின் பதிவு) அமேசானின் சேமிப்புச் சேவையான எஸ்3இல் சேர்க்கும். அதிகபட்சம் 35 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். யாரோ, எந்த வரிசைகள் என்று குறிக்கும் வேர் கண்டிஷன் இல்லாமல் டெலீட் ஓட்டிவிட்டால், அதற்கு ஒரு நிமிடம் முந்தைய நிலைக்குப் போக முடியும். ஒன்று கவனியுங்கள்: பழைய டேட்டாபேஸ் அப்படியே இருக்கும், மீட்டது புதிய முகவரியில் வரும். ஆப்பை அங்கே திருப்புவது உங்கள் வேலை. ஒருமுறையாவது ஒத்திகை பாருங்கள்.

வேறொரு டேட்டா சென்டரில் மாற்று சர்வரைத் தயாராக வைத்திருக்கும் மல்டி ஏஇசட் வசதியைப் போட்டிருந்தால் முதன்மை சர்வர் விழுந்தாலும் பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் மாற்று சர்வர் பொறுப்பேற்கும். இது தானாக வராது, நீங்கள்தான் கேட்டுப் பெற வேண்டும், காசும் ஏறும்.

மெதுவாக ஓடும் க்வெரி, தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் இல்லாதது, அளவுக்கு மீறிய கனெக்‌ஷன் எல்லாம் இங்கேயும் உங்கள் தலையில்தான். சர்வருக்குள் நுழைய எஸ்எஸ்எச் கிடையாது, எல்லாவற்றையும் செய்ய விடும் முழு சூப்பர்யூசர் உரிமை கிடையாது, கூடுதல் வசதி தரும் எக்ஸ்டென்ஷன்களிலும் அவர்கள் அனுமதித்தவை மட்டும்தான். பழைய பதிப்பிலேயே உட்கார்ந்திருந்தால் தண்டம் வேறு: ஆர்டிஎஸ்ஸில் மைசீக்வல் (இன்னொரு டேட்டாபேஸ்) 5.7க்கு 2024 முதல் தனிக் கட்டணம்.

என் கருத்து இது. வாடிக்கையாளர் டேட்டா இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் இல்லை என்றால் யோசிக்காமல் மேனேஜ்டுக்குப் போங்கள். அனுபவமுள்ள டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) இருந்து, சிறப்பு எக்ஸ்டென்ஷனும் தேவைப்பட்டால் சொந்த சர்வர். கற்றுக்கொள்ளவும் சொந்த சர்வர்தான் நல்லது. அதில்தான் உள்ளே நடப்பது தெரியும். அப்புறம், செலவைக் குறைக்க டெஸ்ட் டேட்டாபேஸை ஆர்டிஎஸ்ஸில் நிறுத்தி வைத்தால், 7 நாள் கழித்து அது தானாக மறுபடி ஓட ஆரம்பிக்கும். நீண்ட நாள் வேண்டாம் என்றால் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு அழித்துவிடுங்கள்.